ரேட்டு நோட்டும் ஆறு பேர் கையிலிருந்த ஒரே சாவியும்

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். சேவூர் ரோட்டுல சின்னதா ஒரு பனியன் யூனிட் வச்சிருக்கான். காப்பி ஆறுறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துட்டான்.

"ஏனுங் மாமா, ஆபீஸ்ல ஆறு பேரும் ஒரே நோட்டுல எழுதோணும். ஆனா அது ஆபீஸத் தாண்டி வெளிய போகக்கூடாது. ரேட்டெல்லாம் அதுல இருக்குதுங்க. ஒரு வழி பண்ணிக் குடுங்க."

கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. இதே வேலையை இருபது வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு எடத்துல செஞ்சு குடுத்திருக்கேன். செஞ்ச லட்சணம் எனக்குத்தான் தெரியும். இந்த விஷயத்தைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி. பொறுத்துக்குங்க :-)

மொதல்ல கொசுவத்தி.

2003. அப்போ அவிநாசி கோயமுத்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு, திருப்பூர் மாவட்டம் பொறந்தது 2009-ல. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில 'சிஸ்டம் பாக்கற தம்பி'. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஹப், ஒரு பிரிண்டர். ஏற்றுமதிக்கு கோட்டா இருந்த காலம் அது. 2005 ஜனவரியில கோட்டா போகப்போகுதுன்னு ஊரே பேசிட்டு இருந்த நேரம். பையர்கிட்ட ஒரு பீசுக்கு அஞ்சு சென்ட் கூடவா குறைச்சலாங்கறதுலயே ஒரு சீசனோட லாபம் நின்னுச்சு.

முதலாளி, மெர்ச்சண்டைசர், கணக்குப் பாக்கற அம்மிணி, மூணு பேரும் சேர்ந்து எழுத ஒரு ஃபைல் இருந்துச்சு. நூல் விலை, சாயக் கூலி, எந்தப் பையருக்கு எந்த விலை வரைக்கும் இறங்கலாம், எல்லாம் அதுலதான். ஃபோல்டருக்கு பேரே 'ரேட்'. அதை ஷேர் பண்ணிக் குடுத்தவன் நான். பாஸ்வேர்டு போட்டேன். தெனமும் யாராச்சும் ஒருத்தர் "தம்பி, திறக்க மாட்டேங்குது"ன்னு கூப்பிடுவாங்க. ஒரு நாள் கடுப்புல பாஸ்வேர்டை எடுத்துட்டு முழு அனுமதி குடுத்துட்டேன். அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. நிம்மதி!

அந்த நிம்மதி ஒரு நாலு மாசம் இருந்துச்சு. ஒரு நாள் விலை பேச வந்த ஏஜென்ட், நாங்க இறங்கக்கூடிய கடைசி விலையை சென்ட் சுத்தமா சொல்லிட்டு, "இதுக்கு மேல பையர் தர மாட்டாருங்க"ன்னு உக்காந்துட்டார். முதலாளி முகம் செத்துப் போச்சு. சாயங்காலமே விசாரணை. அந்த விலை தெரிஞ்சவங்க மூணு பேர். முதலாளி சொல்லியிருக்க மாட்டார். மெர்ச்சண்டைசர் முதலாளிக்கு சொந்தம். மிச்சம் யாரு? கணக்குப் பாக்கற அம்மிணி. அவங்க சித்தப்பா பையன் வேற ஒரு கம்பெனியில வேலை பாத்தான்ங்கறது போதுமான சாட்சி ஆயிடுச்சு. தீபாவளி போனசுக்கு மூணு வாரம் முன்னாடி அவங்களை நிறுத்திட்டாங்க.

மூணு பேர்ங்கறது தப்பு. எனக்குத் தெரியும். அந்த ஃபோல்டர் செக்கிங் ரூம் மெஷின்லயும் திறக்கும். சாம்பிள் காட்ட வர்றவங்க பிரிண்ட் எடுக்கணும்னு லேப்டாப்பை ஹப்ல சொருகுவாங்க, அதுலயும் திறக்கும். யார் திறந்தாங்க, எப்போ திறந்தாங்கன்னு பாக்க எந்தப் பதிவும் கிடையாது. இதையெல்லாம் நான் அன்னிக்கு சொல்லியிருக்கணும். சொன்னா என் வேலை போயிடும். அதனால வாயை மூடிட்டு இருந்துட்டேன்.

சரி, இப்போ வரலாறு. ஏன்னா இந்தத் தப்பை மொதல்ல செஞ்சவன் நான் இல்லைங்கறதை ரொம்ப வருஷம் கழிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்மூர்ல ரகசியமா விலை பேசறது ஒண்ணும் புதுசு கிடையாது. மாட்டுச் சந்தைக்குப் போனவங்க பாத்திருப்பீங்க. தரகரும் வாங்கறவரும் கையைக் கோத்து மேல துண்டைப் போட்டு மூடிக்குவாங்க. விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. சுத்தி நூறு பேர் நின்னாலும் விலை ரெண்டு பேருக்குத்தான் தெரியும். யாராச்சும் வெளிய சொன்னா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். துண்டோட பலமே அதுதான். ரகசியமும் காக்கும், பொறுப்பும் யார்கிட்டன்னு தெரியும்.

கம்ப்யூட்டர்ல இந்தத் துண்டு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. அமெரிக்காவில இல்லினாய் பல்கலைக்கழகத்துல பிளேட்டோன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. நடுவுல ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதோட தூர தூரமா இணைச்ச திரைகள். பாடம் சொல்லிக் குடுக்க உருவாக்கினது. அதுல கோளாறு ஏதும் இருந்தா எழுதி வைக்க ஒரு பொது ஃபைல் வச்சிருந்தாங்க. யார் வேணாலும் திறக்கலாம், எழுதலாம், அடுத்தவன் எழுதினதை மாத்தலாம். யார் எழுதினதுன்னு நிச்சயமா சொல்ல வழியில்லை. சில சமயம் எவனாச்சும் குசும்பன் மொத்த ஃபைலையும் அழிச்சுட்டுப் போயிடுவான். அச்சு அசல் நம்ம 'ரேட்' ஃபோல்டர்தான்!

இதுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லி டேவிட் வூலிங்கற 17 வயசு மாணவர்கிட்ட குடுத்தாங்க. 1973 ஆகஸ்ட்ல அவர் எழுதின புரோகிராமுக்குப் பேர் 'நோட்ஸ்'. அதுல ஒவ்வொரு குறிப்போடவும் எழுதினவர் பேரும் தேதியும் தானா ஒட்டிக்கும். அடுத்தவர் அதுல கை வைக்க முடியாது. 1976-ல அதுலயே குழுக் குறிப்புகள் வந்துச்சு. இந்த நோட்டை இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம், இன்னார் எட்டிக்கூடப் பாக்கக்கூடாதுன்னு பட்டியல் போடலாம்.

வரிசையை கவனிங்க. மொதல்ல வந்தது 'யார்?'ங்கற கேள்விக்குப் பதில். அதுக்கப்புறம்தான் 'யாருக்கு?' ஆளுக்கொரு பேர் இல்லாம பூட்டு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்லைங்கறதை அவங்க மூணே வருஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்கு அது 2003-லயும் தெரியல.

அதே பல்கலைக்கழகத்துல படிச்சு பிளேட்டோவுல பழகினவர் ரே ஓசி. அவர் 1984-ல ஐரிஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். பணம் போட்டது லோட்டஸ். அஞ்சு வருஷ உழைப்புக்கப்புறம் 1989-ல 'லோட்டஸ் நோட்ஸ்' வெளிய வந்துச்சு. ஒரு ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாரும் சேர்ந்து குறிப்பு எழுத, கடிதம் அனுப்பன்னே செஞ்சது. ஆளாளுக்கு ஒரு அடையாள ஃபைல். ஒவ்வொரு நோட்டுக்கும் ஏழு படி அனுமதி. அதுல ஒரு படி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: உள்ள போடலாம், எடுத்துப் பாக்க முடியாது. நம்ம கோயில் உண்டியலேதான்!

அதுமட்டுமில்ல, ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன்னு மூணு பேர் 1977-ல கண்டுபிடிச்ச ஆர்.எஸ்.ஏ. முறையை பெரிய அளவுல விலைக்கு வந்த ஒரு மென்பொருளுக்குள்ள வச்சவங்கள்ல இவங்கதான் முன்னோடி. சுருக்கமா இப்படி வச்சுக்குங்க. நான் என்னோட பூட்டைத் திறந்த மேனிக்கு ஊருக்கெல்லாம் குடுத்துடறேன். எனக்கு ஏதாச்சும் அனுப்பணும்னா பெட்டியில வச்சு அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டிடுங்க. சாவி என்கிட்ட மட்டும்தான். பூட்டின உங்களாலயே திறக்க முடியாது.

இவ்வளவு நல்ல பூட்டு, அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேப்பீங்க. பிரச்சினை அமெரிக்க அரசாங்கம். அந்தக் காலத்துல வலுவான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி பண்ண விட மாட்டாங்க. உள்ளூர்ல விக்கறது 64 பிட் சாவி, நமக்கெல்லாம் விக்கறது 40 பிட். 40 பிட்ன்னா சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாவி. கேக்க பெரிசாத்தான் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துடும். வெளிநாட்டு வாடிக்கையாளருங்க முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க.

1996-ல லோட்டஸ் ஒரு சமரசம் பண்ணிக்கிச்சு. வெளிநாட்டுக்கும் 64 பிட் சாவிதான், ஆனா அதுல 24 பிட்டை அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை மட்டும் திறக்கற மாதிரி தனியாப் பூட்டி ஒவ்வொரு செய்தியோடவும் சேர்த்து அனுப்பிடும். ஊர்ல இருக்கற மத்த திருடனுக்கெல்லாம் 64 பிட், அந்த ஒரு ஆபீசுக்கு மட்டும் 40 பிட். இந்த ஏற்பாட்டை லோட்டஸ் வெளிப்படையாத்தான் அறிவிச்சுச்சு. ஆனா வாங்கினவங்கள்ல பல பேர் படிக்கல. சுவீடன்ல பாராளுமன்ற உறுப்பினர்கள், வரித்துறை ஊழியர்கள் எல்லாம் அதைத்தான் வச்சிருந்தாங்க. 1997-ல அங்க ஒரு பத்திரிகை எழுதினப்புறம்தான் அவங்களுக்கே விஷயம் தெரிஞ்சுது. வீட்டுக்குப் பூட்டு வாங்கிட்டு வந்தா, பூட்டுக்காரன் இன்னொரு சாவியை வேற ஒருத்தர்கிட்ட குடுத்து வச்சிருக்கான்! 2000 ஜனவரியில அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினதும் இந்தக் கூத்துக்கு அவசியம் இல்லாமப் போச்சு.

அவங்களை மட்டும் சொல்லி என்ன? நம்ம நாட்டுல இணையச் சேவை உரிமத்துலயும் 40 பிட்டுக்கு மேல போனா அனுமதி வாங்கணும்னு விதி எழுதி வச்சிருந்தாங்க. 2015 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டுச்சு. நீங்க பூட்டி அனுப்பினதோட பூட்டாத நகலை 90 நாள் வச்சிருக்கணுமாம். ரெண்டு நாள்ல எதிர்ப்பு கிளம்பி அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க.

இந்தக் கதையில நம்ம பக்கத்து ஆளும் ஒருத்தர் வர்றார். லோட்டஸை 1995-ல ஐ.பி.எம். 350 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2018 டிசம்பர்ல அதே நோட்ஸையும் இன்னும் சில மென்பொருளையும் 180 கோடி டாலருக்கு வாங்கறதா அறிவிச்சது எச்.சி.எல். கைமாறினது 2019-ல. எச்.சி.எல்.லை ஆரம்பிச்ச சிவ நாடார் திருச்செந்தூர் பக்கத்துக்காரர். பொறியியல் படிச்சது கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில. இல்லினாய்ல ஒரு 17 வயசுப் பையன் ஆரம்பிச்ச நோட்டோட வாரிசு கடைசியில வந்து சேர்ந்தது, நம்ம அவிநாசி ரோட்டுல படிச்சவர் ஆரம்பிச்ச கம்பெனிக்கு!

ஆனா ஒண்ணு. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு லோட்டஸ் நோட்ஸ் எல்லாம் கட்டுப்படியாகற சமாசாரம் இல்ல. நமக்கெல்லாம் விண்டோஸ் ஃபோல்டர் ஷேரிங்தான். 1992-ல 'ஒர்க்குரூப்' விண்டோஸ் வந்ததுல இருந்து சின்ன ஆபீஸ்கள்ல அதுதான் ராஜா. விண்டோஸ் 98-ல மூணு வழி இருக்கும்: படிக்க மட்டும், முழு அனுமதி, பாஸ்வேர்டைப் பொறுத்து. பாஸ்வேர்டு ஆளுக்கு இல்ல, ஃபோல்டருக்கு. ஆறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதாவது பிளேட்டோ 1973-லயே தாண்டி வந்த எடத்துல நாங்க திரும்பப் போய் உக்காந்துட்டோம்.

அந்தப் பூட்டாவது உருப்படியா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. 2000 அக்டோபர்ல ஒரு ஓட்டையை அடைக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் அறிவிப்பு விட்டுச்சு. பாஸ்வேர்டு எத்தனை எழுத்துன்னு, கேக்கற மெஷினே சொல்லுமாம். 'ஒரே எழுத்து'ன்னு அது சொன்னா, இங்க மொதல் எழுத்தை மட்டும் சரி பாத்துட்டு கதவைத் திறந்து விட்டுடும். பத்து எழுத்து பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் ஒரு எழுத்துதான் காவல். ஒட்டு வந்துடுச்சு, ஆனா டயல்-அப் காலத்துல அதை இறக்கிப் போட்டவங்க எத்தனை பேர்? (எங்க கம்பெனியில இந்த ஓட்டைக்கெல்லாம் வேலையே இல்ல. நான்தான் பாஸ்வேர்டே இல்லாம திறந்து வச்சிருந்தேனே.)

'நம்ம ஆபீஸ் வயருக்குள்ள இருக்கறவங்க எல்லாம் நம்மாளுங்க'ன்னு ஒரு நெனப்பு. இந்த நெனப்புதான் எல்லாத்துக்கும் மூலம். 2017 மே 12-ம் தேதி வான்னாகிரை அதைத்தான் போட்டு ஒடைச்சுச்சு. அது பரவினது அதே ஃபைல் ஷேரிங்கோட பழைய முறையில இருந்த ஓட்டை வழியா. ஒரு மெஷின்ல ஏறினா போதும், வயர்ல இருக்கற மத்த மெஷினுக்கு தானாப் போயிடும். ஓட்டையை அடைக்கற ஒட்டு மார்ச் மாசமே வந்தாச்சு. போடாதவங்க மாட்டினாங்க. வாளையாருக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்கள்ல பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எல்லாம் பணம் கேட்டு செகப்புத் திரை வந்து நின்னுச்சு. பஞ்சாயத்து ஆபீஸ் கணக்கைத் தேடியா அது வந்துச்சு? திறந்திருந்துச்சு, நொழஞ்சுது.

ரெண்டு வருஷம் கழிச்சு கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில அணுமின் நிலையத்து நெட்வொர்க்ல தீநிரல்னு செய்தி. மொதல்ல மறுத்தாங்க. அடுத்த நாளே, அக்டோபர் 30-ம் தேதி, அணுமின் கழகம் ஒத்துக்கிச்சு. நிர்வாக வேலைக்கு வச்சிருந்த, இணையத்தோட இணைஞ்ச ஒரு ஆளோட கம்ப்யூட்டர்ல அது இருந்துச்சாம். உலையை இயக்கற உள் நெட்வொர்க் தனியா இருந்ததால அதுக்கு பாதிப்பு இல்லைன்னு சொன்னாங்க. ரெண்டு நெட்வொர்க்கையும் பிரிச்சு வச்ச புண்ணியம்.

இத்தனை கதையையும் அக்கா பையன்கிட்ட சொல்லல. பாதியில எந்திரிச்சுப் போயிருப்பான் :-) நேரா அவன் யூனிட்டுக்குப் போயி வேலையை ஆரம்பிச்சேன்.

ஆபீஸுக்குள்ளயே ஒரு சின்னக் கம்ப்யூட்டர்ல நோட்டு. ஆறு பேருக்கும் ஆறு பேர், ஆறு பாஸ்வேர்டு. உற்பத்தி நோட்டு எல்லாருக்கும், ரேட்டு நோட்டு அவனுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் மட்டும். யார் எப்போ திறந்தாங்க, என்ன மாத்தினாங்கன்னு பதிவு ஆகும். வயர்ல போற வழியிலயும் மறைச்சுப் போகற மாதிரி எச்.டி.டி.பி.எஸ். போட்டாச்சு. வர்ற போறவங்களுக்கு விருந்தினர் வைஃபை தனி, அதுல இருந்து ஆபீஸ் மெஷின் எதுவும் தெரியாது. பழைய ஃபைல் ஷேரிங் முறையை எல்லா மெஷின்லயும் அணைச்சாச்சு. வாரம் ஒருக்கா நகல் எடுத்து ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வைக்கணும். யாராச்சும் வேலையை விட்டுப் போனா அன்னிக்கு சாயங்காலமே அவங்க பேரை எடுத்துடணும்.

"இவ்வளவும் எதுக்குங் மாமா? எல்லாம் நம்ம பசங்கதானுங்க"ன்னான்.

"அதனாலதான்டா மாப்ள. நாளைக்கு ரேட்டு வெளிய போச்சுன்னா நீ யாரைச் சந்தேகப்படுவே? இவங்கள்ல ஒருத்தரைத்தானே. அன்னிக்கு 'நான் திறக்கவே இல்லீங்க'ன்னு அவங்க சொன்னா, அதுக்கு ஒரு சாட்சி வேணும்ல."

கடைசியா ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அமைச்சுக் குடுத்தவன் கையில எப்பவும் ஒரு சாவி இருக்கும். சுவீடன்காரங்க கதை ஞாபகம் வந்துச்சு. கீபோர்டை அவன் பக்கம் தள்ளி, "நிர்வாகி பாஸ்வேர்டை மாத்து. எனக்கு சொல்லாதே"ன்னுட்டு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயி நின்னுக்கிட்டேன். சிரிச்சான். ஆனா மாத்தினான்.

அந்தக் கணக்குப் பாக்கற அம்மிணியை 2011-ல அவிநாசித் தேர்ல பாத்தேன். சித்திரை வெயில், தேர் நிலைக்கு வர்ற நேரம், கூட்டத்துக்கு நடுவுல பையனைத் தூக்கிட்டு நின்னாங்க. என்னைப் பாத்ததும், "நல்லா இருக்கீங்களாண்ணா? இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லம்மா, விட்டுட்டேன்னேன். அதுக்கு மேல சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துச்சு. வடம் பிடிக்கற சத்தத்துல கூட்டம் நகந்துச்சு, அவங்க ஒரு பக்கம் போயிட்டாங்க, நான் ஒரு பக்கம்.

ரேட்டை யார் சொன்னாங்கன்னு எனக்கு இன்னைய வரைக்கும் தெரியாது. அவங்களே சொல்லியிருக்கலாமோன்னு கேட்டா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியை நான்தான் நாலு மாசம் முன்னாடி, திறக்க மாட்டேங்குதுன்னு யாரும் கூப்பிடக்கூடாதுன்னு, எடுத்து வீசியிருந்தேன். பூட்டு இல்லாத வீட்டுல திருடு போனா திருடனுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. வீட்டுல இருந்த ஏழைதான் மாட்டிக்கறான்.

அம்மிணி, நீங்க இதைப் படிப்பீங்களான்னு தெரியல. அன்னிக்கு அந்த ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்துதான் இருந்துச்சு. திறந்து வச்சது நான்தான்.